பிறர்பக்கம் நின்று காணல்: காஞ்சியின் தருக்க மரபும் ஒரு சமயக் கடமையும்

ஒருவர் தம் கொள்கையைக் கைவிடாமலே, தமக்கு மாறான கொள்கையுடையவர் உலகத்தை எவ்வாறு காண்கிறார் என்பதைத் திரிபின்றி அறிந்து சொல்ல இயலுமா, இயலுமெனில் அது நாகரிகம் கருதிச் செய்யப்படும் ஓர் உபசாரமா அல்லது மெய்ம்மையை நாடுவோர் அனைவர்க்கும் உரிய கடமையா என்னும் வினா, பல சமயங்கள் ஒரே ஊரில் நெடுங்காலம் அருகருகே வாழ்ந்த இடங்களில்தான் முழு வலிமையோடு எழுகிறது. காஞ்சிபுரம் அத்தகைய ஊர்களுள் தலையாயது. அதன் மேற்குப் பகுதியில், பட்டுத் தறிகள் நிறைந்த தெருக்களைக் கொண்ட பிள்ளையார்பாளையத்தை அடுத்து, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயில் நிற்கிறது. அம்மன்னன் சைவசித்தாந்த நெறியில் நின்று தன் மலங்களைக் களைந்தவன் என்று அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு போற்றுகிறது. ‘சைவசித்தாந்தம்’ என்னும் தொடர் கல்லில் பொறிக்கப்பட்ட மிகப் பழைய இடங்களுள் இது ஒன்றாகும். அங்கிருந்து சிறிது தொலைவில், வேகவதி ஆற்றையொட்டி, சமணர் போற்றும் சினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றம் இருக்கிறது. நகரின் கிழக்கே வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்து விஷ்ணு காஞ்சி விரிகிறது. ஏழாம் நூற்றாண்டின் முற்பாதியில் இப்பகுதிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த விகாரங்களும் ஏறத்தாழ 10,000 துறவிகளும் 80 தேவர் கோயில்களும் நிகண்டர் எனப்படும் சமணர் பலரும் இந்நாட்டில் இருந்தனர் என்று குறித்துள்ளார்.

இத்தகைய ஊரில் பிறர் கொள்கையை அறியாமல் ஒருவர் தம் கொள்கையைப் பேசுவது அரிது. ஆயினும் அருகில் வாழ்வதனாலேயே புரிதல் விளைந்துவிடுவதில்லை. பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் அங்கத நாடகம் காஞ்சித் தெருக்களிலேயே நிகழ்கிறது. தன் கபாலப் பாத்திரத்தைத் தொலைத்த காபாலிகன் ஒருவன், ஆடைக்குள் எதையோ மறைத்துச் செல்லும் பௌத்தத் துறவியே அதைத் திருடியவர் என்று துணிந்து வழக்காடுகிறான். பாசுபதன் ஒருவன் நடுவனாகிறான். உண்மையில் அதை ஒரு நாய் கவ்விச் சென்றிருக்கிறது, பின்னர் அது ஒரு பித்தனின் கையிலிருந்து கிடைக்கிறது. சைவப் பிரிவினரையும் பௌத்தரையும் ஒருசேர நகையாடும் இந்நாடகத்தில், ஒரே தெருவில் நடமாடும் இருவர் ஒருவரையொருவர் தத்தம் அச்சத்தின் வழியாகவே காண்கின்றனர். அண்மை மட்டும் ஒருவர்க்கு மற்றவரின் பார்வையைத் தந்துவிடாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

பிறர் மனத்தை அறியும் வழி

பிறர் கண்ணால் காணுதல் என்று பேசும்போது மூன்று செயல்கள் ஒன்றோடொன்று மயங்கிவிடுகின்றன. ஒருவர் துன்பத்துக்கு இரங்குவது ஒன்று. அவர் கொள்கையை ஏற்றுக்கொள்வது மற்றொன்று. அவர் கொள்கையை அவரே ஒப்பும் வகையில் அறிந்து எடுத்துரைப்பது மூன்றாவது. இரக்கம் கொண்டவர் மற்றவரைத் தவறாக அறிந்திருக்கக்கூடும். உடன்பாடு கொண்டவரும் அவ்வாறே, பெயரை மட்டும் ஏற்றுப் பொருளைத் தவறவிட்டிருக்கக்கூடும். இக்கட்டுரை கருதும் நேர்மை மூன்றாவதற்குரியது. அதற்கு உரைகல் ஒன்றே: எடுத்துரைக்கப்பட்டதைக் கேட்கும் மற்றவர், “இதுவே என் கொள்கை, நானே சொல்லியிருந்தாலும் இவ்வாறுதான் சொல்லியிருப்பேன்” என்று கூற வேண்டும்.

இவ்வுரைகல் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு இந்தியத் தருக்க மரபு தெளிவான காரணம் தருகிறது. ஒருவர் மனத்தை மற்றொருவர் நேரே காண இயலாது. அவருடைய சொல்லையும் செயலையும் கொண்டு அனுமானிக்கவே இயலும். அனுமானம் என்பது கண்ட ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றைத் துணிதல். புகையைக் கண்டு நெருப்பைத் துணிவது அதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. ஏழாம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தருமகீர்த்தி, தம்முடையதல்லாத பிற மனங்கள் உண்டு என்பதை நிறுவுவதற்கென்றே ‘சந்தானாந்தர சித்தி’ என்னும் தனிநூல் இயற்றினார். இன்று அது திபெத்திய மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. பிற மனம் பற்றிய அறிவு முழுவதும் அனுமானமே எனில், எல்லா அனுமானத்துக்கும் உரிய பிழை அதற்கும் நேரும். பிழை நேரக்கூடிய அறிவு சோதனைக்கு உட்பட வேண்டும். அச்சோதனையை நடத்தத்தக்கவர், அறியப்படும் அம்மனத்துக்கு உரியவரே ஆவார். பிறர் பார்வையைப் பற்றித் தாம் கொண்ட கருத்தை அவர்முன் வைத்துத் திருத்தம் பெறாதவர், உண்மையில் தம் கருத்தையே பிறர் பெயரால் மீண்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மணிமேகலை காட்டும் தருக்க விதி

காஞ்சியோடு பிரிக்க இயலாத தொடர்புடைய பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலை, இச்சிக்கலைக் கதையாகவும் தருக்கமாகவும் எடுத்துக்கொள்கிறது. வஞ்சி மாநகரில் காப்பியத் தலைவி மணிமேகலை அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்னும் பதின்மரிடம் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். இவற்றைக் கூறும் காதையில் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் அந்தந்தச் சமயத்தாரிடமே விடப்பட்டுள்ளது. பூதவாதியிடம் மட்டும், காட்சி ஒன்றே அறிவுக்கு வாயிலெனில் ஒருவன் தன் தாய் தந்தையரை எவ்வாறு அறிவான் என்று அவள் எதிர்வினா எழுப்புகிறாள். இறுதியில் அவள் அச்சமயங்களுள் ஒன்றையும் ஏற்கவில்லை. வஞ்சியில் கேட்டவை தன் சிந்தையில் பொருந்தவில்லை என்று பின்னர் காஞ்சியில் பௌத்த ஆசான் அறவண அடிகளிடம் அவளே கூறுகிறாள். முழுமையாகக் கேட்பதும் உடன்படாமல் நிற்பதும் ஒருவரிடத்திலேயே கூடும் என்பதைக் காப்பியம் இவ்வாறு நிறுவுகிறது.

காஞ்சிக்கு அவள் வந்ததும் நிகழ்வது மேலும் கருதத்தக்கது. அந்நகரம் மழையின்றிப் பஞ்சத்தில் வாடியிருக்க, அவள் முதலில் அள்ளக் குறையாத உணவுக் கலமாகிய அமுதசுரபியால் பசித்தோர்க்கெல்லாம் உணவளிக்கிறாள். அளவை இலக்கணமாகிய தருக்கத்தையும் அறத்தையும் கற்பது அதன் பின்னரே. பிறர் கொள்கையை எடைபோடுவதற்கு முன் அவர் பசியைக் காண வேண்டும் என்ற வரிசையைக் காப்பியத்தின் அமைப்பே வகுத்துத் தந்துவிடுகிறது.

அறவணர் அவளுக்குக் கற்பிக்கும் தருக்கம், ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த திக்நாகரின் மரபைச் சார்ந்தது; அவர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபுவழிச் செய்தி. அம்மரபு அனுமானத்தை இரண்டாகப் பகுக்கிறது. ஒருவர் தாமே அறிவதற்காகச் செய்வது தன்பொருட்டு அனுமானம். மற்றவர்க்கு அறிவிக்கச் சொல்வடிவில் அமைப்பது பிறர்பொருட்டு அனுமானம். இரண்டாவது வகையில், கூறப்படும் ஏது, அதாவது காரணம், பேசுபவர் கேட்பவர் ஆகிய இருவர்க்கும் உடன்பாடாக இருத்தல் வேண்டும். அவ்வுடன்பாடு இல்லாத ஏதுவை மணிமேகலை ஏதுப்போலிகளுள் ஒன்றாகிய அசித்தத்தில் சேர்க்கிறது. ஏதுப்போலி என்பது காரணம் போலத் தோன்றிக் காரணமாகாதது. அசித்தத்தின் வகைகளுள் ‘அன்னியதராசித்தம்’ என்பது இருவருள் ஒருவர்க்கு ஏற்பில்லாத ஏது. காப்பியம் தரும் எடுத்துக்காட்டு நுட்பமானது: ஒலி செய்யப்படுவது, ஆதலால் அது நிலையற்றது என்று ஒருவர் சாங்கியரிடம் வாதிட்டால் அவ்வாதம் நில்லாது, ஏனெனில் ஒலி புதிதாகச் செய்யப்படுவதில்லை, முன்பே இருப்பது வெளிப்படுகிறது என்பதே சாங்கியர் கொள்கை.

இவ்விதியின் சமயப் பொருள் பெரிது. எதிரில் இருப்பவர் எதை ஏற்கிறார், எதை மறுக்கிறார் என்று அறியாமல் வாதிடுவது பொதுவாகப் பண்புக்குறைவாகவே கருதப்படும். இம்மரபோ அதை அறிவுக்குறையாகவே கொள்கிறது. பேசுபவருக்கு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், கேட்பவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்காத காரணம் அவருக்குக் காரணமாகாது. பிறர் கண்ணால் காணும் முயற்சி இங்கு வாதத்தை அழகுபடுத்தும் பண்பாக நிற்காமல், வாதம் செல்லுபடியாவதற்குரிய நிபந்தனையாகவே ஆகிவிடுகிறது.

பூர்வபக்கம்: மாற்றாருக்கு முதலிடம்

தருக்கத்தில் விதியாக இருந்த இது, தத்துவ நூல்களின் அமைப்பில் பூர்வபக்கம் என்னும் முறையாக நிலைபெற்றது. பூர்வபக்கம் என்பது நூலாசிரியர் தம் முடிவாகிய சித்தாந்தத்தைக் கூறுமுன் எதிர்க்கொள்கையை எடுத்துரைக்கும் பகுதி. 1017-இல் திருப்பெரும்புதூரில் பிறந்தவராக மரபு கூறும் இராமானுசர், காஞ்சி வட்டாரத்தில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்று, அவரோடு கருத்து மாறுபட்டுப் பிரிந்தவர். அவர் இயற்றிய ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே ‘மகாபூர்வபட்சம்’ எனப்படும் நீண்ட பகுதி உள்ளது. பிரமம் ஒன்றே மெய், வேறுபாடுகள் அவித்தையால் தோன்றுபவை என்னும் அத்வைதக் கொள்கை அங்கே அதற்குரிய சுருதிச் சான்றுகளோடும் தருக்கத்தோடும் எடுத்துரைக்கப்படுகிறது. மறுப்பு தொடங்குமுன் வாசிப்பை நிறுத்திவிடும் ஒருவர், அதை அத்வைதி ஒருவரே எழுதினார் என்று கருத இடமுண்டு. காஞ்சியின் தூப்புலில் 1268-இல் பிறந்த வேதாந்த தேசிகரும் ‘பரமதபங்கம்’ என்னும் நூலில் பிற சமயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு ஆராய்கிறார். சைவத்தில், 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞானசித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக்கி, பரபக்கத்தில் உலகாயதர், பௌத்தரின் நான்கு பிரிவினர், நிகண்டவாதி, ஆசீவகர், மீமாஞ்சகர் இருவகையினர், சத்தப்பிரமவாதி, மாயாவாதி, பாற்கரியர், நிரீச்சுரசாங்கியர், பாஞ்சராத்திரிகள் என்னும் பதினான்கு கொள்கையினரையும் அவரவர் மதம் முன்னாகவும் மறுதலை பின்னாகவும் நிறுத்துகிறார்.

இம்முறை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ இராமானுசரின் காலத்தவரும் 1111-இல் மறைந்தவருமான இசுலாமிய அறிஞர் அல்-கஸாலி, தத்துவவாதிகளை மறுப்பதன் முன் அவர்களுடைய கொள்கைகளை ‘மகாசிதுல் ஃபலாசிஃபா’ என்னும் தனிநூலில் தொகுத்தார். 12-ஆம் நூற்றாண்டில் அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது, அதன் நடுநிலை காரணமாக ஐரோப்பியர் பலர் கஸாலியையே அத்தத்துவவாதிகளுள் ஒருவராகக் கொண்டனர். இப்பிழை அவருடைய நேர்மைக்குக் கிடைத்த அரிய நற்சான்று. 1859-இல் வெளிவந்த ‘சுதந்திரம் பற்றி’ என்னும் நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில், எதிர்வாதங்களைத் தம் ஆசிரியர் வாயிலாகக் கேட்பது போதாது, அவற்றை உளமார நம்புவோரிடமிருந்தே கேட்க வேண்டும் என்று வாதிட்டார். வஞ்சியில் மணிமேகலை செய்தது ஏறக்குறைய இதுவே.

எனினும் பூர்வபக்கத்துக்குள் ஒரு சோதனை பதுங்கியிருக்கிறது. மறுப்பவரே எதிர்க்கொள்கையை எடுத்துரைப்பதால், வெல்ல எளிதான வடிவில் அதை அமைத்துக்கொள்ளும் ஆசை எப்போதும் உண்டு. எதிரி உயிரோடு இருந்து அவையில் எழுந்து மறுக்கும் வரை அவ்வாசைக்குத் தடை இருக்கும். அவர் மறைந்தபின் அது நீங்கிவிடும். ஆசீவகரின் நிலை இதற்குச் சான்று. அவர்களுடைய சொந்த நூல்கள் ஒன்றும் இன்று இல்லை. 1951-இல் ஆசீவக வரலாற்றை விரிவாக எழுதிய ஏ. எல். பாஷம், தமிழகத்து ஆசீவகரை அறிய மணிமேகலை, நீலகேசி, சிவஞானசித்தியார் ஆகிய மூன்று தமிழ் நூல்களையே பெரிதும் நாட வேண்டியிருந்தது. அவற்றுள் முதலாவது பௌத்தருடையது, இரண்டாவது சமணருடையது, மூன்றாவது சைவருடையது. பிற்காலத்தில் ஆசீவகர் சமணரின் ஒரு பிரிவினராகவே கருதப்படும் அளவுக்கு அவர்களுடைய உருவம் மங்கிப்போனது. பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசியும் மறைந்துவிட்டது. அதற்கு எதிராக எழுந்த சமண நூலான நீலகேசியும் அதன் உரையும் இல்லையெனில், அது பற்றி அறியப்படுவது இன்னும் சுருங்கியிருக்கும். உலகாயதரின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

ஆகவே மாற்றாரின் கொள்கையை எழுதுபவர், தாம் அறியாமலே, அக்கொள்கையின் கடைசிப் பாதுகாவலராகவும் ஆகிவிடலாம். நீலகேசியின் ஆசிரியர் எழுதும்போது குண்டலகேசி அழியும் என்று எண்ணியிருக்கமாட்டார். தாம் மறுக்கும் ஒருவரைப் பற்றிப் பின்வரும் தலைமுறைகள் தம் சொல் ஒன்றையே நம்பியிருக்கக்கூடும் என்ற நினைவோடு எழுதுபவர், வாதத்தில் வெல்லும் விருப்பத்தைவிட மேலான ஒரு பொறுப்பை ஏற்கிறார்.

அநேகாந்தமும் அதன் எல்லையும்

திருப்பருத்திக்குன்றத்தில் வழிவழியாகப் போற்றப்படும் சமணம், பிறர் பார்வையை மதிப்பதற்குத் தனியொரு கோட்பாடே வகுத்தது. பொருள் எதுவும் எண்ணற்ற தன்மைகள் உடையது. ஒவ்வொரு கூற்றும் ஒரு நயத்திலிருந்து, அதாவது ஒரு நோக்குநிலையிலிருந்து, எழுகிறது. ஒரு நயம் தன்னையே முழு உண்மை என்று வற்புறுத்தும்போது அது துர்நயமாகிறது என்பது அநேகாந்தவாதத்தின் சாரம். இதன்படி, ஆன்மா நிலையானது என்னும் கூற்று திரவியத்தை, அதாவது மாறாப் பொருளை, நோக்கியும், அது மாறுவது என்னும் கூற்று பரியாயத்தை, அதாவது அப்பொருள் அடையும் நிலைகளை, நோக்கியும் மெய்யாகின்றன.

இக்கோட்பாட்டின் பெருந்தன்மை ஐயமற்றது. ஆனால் இதற்கும் ஒரு தடை உண்டு. எல்லாம் கணந்தோறும் அழிவன என்னும் பௌத்தர், தம் கூற்று ஒரு நோக்கில் மட்டும் உண்மை என்று சொல்வதில்லை; அது முற்றுண்மை என்றே சொல்கிறார். அவர் கொள்கையைப் பகுதியுண்மை என்று வகுத்து ஓர் இடத்தில் வைப்பவர், அவருக்கு இடம் தருகிறார். எனினும் அவர் கண்ணால் கண்டாரில்லை. எல்லாச் சமயமும் ஒன்றே என்று இன்று எளிதாகச் சொல்லப்படும் கூற்றுக்கும் இத்தடை பொருந்தும். வேறுபாட்டையே தம் உயிராகக் கொண்டவர்க்கு அக்கூற்று மரியாதையாகப் படாது. எனவே ஒரு கொள்கையை ஓர் இடத்தில் வைப்பதற்கு முன் அதைக் கேட்பது வேண்டும். ஒருவர் கொள்கை எதுவரை செல்லத் துணிகிறதோ, அதுவரை உடன்சென்று கண்ட பின்னரே அதற்கு எல்லை குறிக்கும் உரிமை பிறக்கும்.

கொள்கையில் ஒன்றுபடாமலே ஒருவர் துன்பத்தை மற்றவர் தம்முடையதாகக் காண்பது நடைமுறையில் இயலும் என்பதற்கு, விசயநகர மன்னன் முதலாம் புக்கர் 1368-இல் வழங்கிய தீர்ப்பு சான்றாகிறது. சமணர் தமக்கு இழைக்கப்படும் தீங்குகளைப் பற்றி முறையிட, மன்னர் பல திருத்தலங்களின் வைணவத் தலைவர்களை அழைத்து, சமண தரிசனத்துக்கு நேரும் ஊறு வைணவ தரிசனத்துக்கு நேர்ந்த ஊறாகவே கருதப்பட வேண்டும் என்று அறுதியிட்டார். பெருமாள் கோயில் எனப்படும் காஞ்சியும் அத்தலங்களுள் ஒன்று. சரவணபெளகுளக் கல்வெட்டு இதைக் கூறுகிறது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள், 1387-இல், விசயநகரத் தளபதி இருகப்பர் திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலில் சங்கீத மண்டபம் எடுப்பித்தார். தத்துவத்தில் தீராத வழக்கு தீராமலே இருக்க, ஊறு நேரும்போது ஒருவர் மற்றவரின் இடத்தில் நிற்க வேண்டும் என்பது அரசாணையாகவே அங்கு விதிக்கப்பட்டது.

பக்கமாக எழுதப்படாதவர்கள்

இதுவரை கூறியவை அனைத்தும் நூலும் ஆசிரியரும் உடைய கொள்கைகளைப் பற்றியன. பூர்வபக்கமாகவேனும் எழுதப்படும் தகுதி சமூகத்தில் எல்லார்க்கும் கிடைத்ததில்லை. மணிமேகலை வஞ்சியில் சமயவாதிகளிடம் தன் உருவில் செல்லவில்லை. இளம்பெண் என்று கண்டால் அவர்கள் தம் கொள்கையைப் பொருட்படுத்தி உரைக்கமாட்டார்கள் என்பதால், துறவி வடிவம் கொண்டே செல்கிறாள். கேட்கும் உரிமைக்கே வேற்றுருவம் வேண்டியிருந்தது என்பதைக் காப்பியம் மறைக்காமல் பதிவு செய்கிறது. வைணவக் குருபரம்பரை நூல்கள் கூறும் திருக்கச்சி நம்பியின் வரலாறும் இதே இடத்தைத் தொடுகிறது. வரதராசருக்கு ஆலவட்டப் பணி புரிந்த அவரை, அந்தணர் அல்லாதவராயினும், இராமானுசர் குருவாகக் கொண்டு, அவர் உண்டு எஞ்சியதை உண்ண விரும்பி இல்லத்துக்கு அழைத்தார். இராமானுசரின் மனைவியோ நம்பி உண்டு சென்றதும் அவ்விடத்தைத் தூய்மை செய்து நீராடிவிட்டார். கொள்கையால் ஒருவரை உயர்ந்தவராகக் கண்ட கண்ணும், வழக்கத்தால் அவரை விலக்கிய கண்ணும் ஒரே வீட்டில் இருந்தன.

பிள்ளையார்பாளையத்தின் நெசவாளர் நிலையையும் இவ்வரிசையில் வைத்தே நோக்க வேண்டும். காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை நெசவில் உள்ளது: சேலையின் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக ஊடை செல்ல, இரண்டும் சந்திக்கும் இடத்தில் இழைகள் பிணைக்கப்படுகின்றன, அதற்காகத் தறியில் நெய்பவரோடு மற்றொருவரும் அமர்ந்து கரைக்குரிய நாடாவை எறிந்து வாங்க வேண்டும். சில நெசவுப் பொருள்களைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டமும், 2005–06-இல் கிடைத்த புவிசார் குறியீடும் இத்தொழிலைக் காக்க எழுந்தவை. ஆயினும் விசைத்தறிப் போலிகளின் போட்டியிலும் பட்டு நூல், சரிகை விலைகளின் ஏற்றத்திலும் கூலி போதாமையிலும் தறி நிறுத்தப்படும் வீடுகள் பெருகி, இளையோர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளை நாடுகின்றனர்.

இத்தொழிலைச் சுற்றியே உண்மையான ஓர் அறவினா உள்ளது. பட்டிழை அறாமல் நீளமாகக் கிடைக்க வேண்டுமெனில், கூட்டுக்குள் இருக்கும் புழுவை அந்துப்பூச்சியாக வெளியேறவிடாமல் ஆவியிலோ வெந்நீரிலோ கொல்ல வேண்டும். காஞ்சி காமகோடி பீடத்துத் துறவி சந்திரசேகரேந்திர சரசுவதி (1894–1994) இவ்வுயிர்க்கொலையைச் சுட்டி, பட்டு உடுத்துவதை விட்டுவிடுமாறு அடியார்களை வற்புறுத்தினார். பட்டு நகரத்தின் பெயரையே தாங்கிய மடத்திலிருந்து இவ்வறிவுரை எழுந்தது என்பதும், உயிர்க்கொலை விலக்கைத் தலையாய அறமாகக் கொண்ட சமணரின் தலம் தறித் தெருக்களுக்கு அருகிலேயே உள்ளது என்பதும் இவ்வினாவை இவ்வூருக்கே உரியதாக்குகின்றன.

மேலே கூறிய விதியை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். துறவியின் பக்கம் அவர் ஒப்பும் வகையில் இவ்வாறு அமையும்: அழகுக்காகவும் பெருமைக்காகவும் எண்ணற்ற உயிர்களைக் கொல்வது இன்றியமையாத தேவையன்று, தேவையற்ற கொலையின் பயனைத் தூய்மையின் சின்னமாக இறைவன்முன் அணிவது முரண். நெசவாளரின் பக்கம் அவர் ஒப்பும் வகையில் இவ்வாறு அமையும்: புழுவைக் கொல்வது தறியில் நிகழ்வதில்லை, நூல் வெளியிலிருந்தே வருகிறது, கொலை தீது என்பதில் அவருக்கும் மறுப்பில்லை, ஆனால் தலைமுறைகளாகக் கற்ற கைத்திறன் ஒன்றைத் தவிர வேறு வாழ்வாதாரம் இல்லாதவரிடம் அறத்தின் விலை முழுவதையும் கேட்பது நீதியன்று. வாங்குபவரின் பக்கத்தில், பட்டு என்பது திருமணம் முதலிய சடங்குகளில் முன்னோர் வகுத்த தூய்மை. அதைத் துறப்பது மரபைத் துறப்பதாகும். அந்து வெளியேறிய பின் எஞ்சும் கூட்டிலிருந்து ‘அகிம்சைப் பட்டு’ செய்வோர் உண்டு, ஆனால் கூடு துளைக்கப்படுவதால் இழை அறுந்து, அதைப் பஞ்சுபோல் நூற்க வேண்டியிருப்பதால், வழக்கமான பட்டின் பளபளப்பும் இழுவுறுதியும் அதற்குக் குறைவு, விலையோ மிகுதி.

இப்பக்கங்களை இவ்வாறு நிறுத்தியதும் ஒன்று தெளிவாகிறது. அகிம்சை என்னும் ஏது துறவிக்கும் நெசவாளர்க்கும் உடன்பாடானது. மாறுபாடு எழுவது அதன் சுமையை யார் தாங்குவது என்பதில்தான். பிறர் பக்கத்தை அறியாமல் வாதிட்டிருந்தால், ஒருவர் மற்றவரை இரக்கமற்றவர் என்றும், மற்றவர் அவரை வாழ்க்கை அறியாதவர் என்றும் பழித்திருப்பர். வழக்கின் உண்மையான இடம் இருவர்க்கும் புலப்பட்டிராது. பிறர் கண்ணால் கண்டபின் தீர்ப்பு வேண்டியதில்லை என்பது இதன் பொருளன்று. நெசவாளரின் நிலையை உணர்வது புழுவின் சாவை இல்லாமல் ஆக்காது. புழுவின் சாவை உணர்வது, மிகுந்த விலை தரும் வலிமை உடையவரை விட்டுவிட்டு மெலிந்தவரைக் குற்றம் சாட்டும் உரிமையைத் தராது. மாற்று நூலின் கூடுதல் விலையையும், தறியை மாற்றும் காலத்து இழப்பையும் முதலில் ஏற்க வேண்டியவர் பட்டைப் பெருமையாக உடுத்துவோரும் அதை விற்றுப் பயன் பெறுவோருமே என்னும் முடிவு, மூவரையும் கேட்டபின்தான் நியாயமாகப் பிறக்கிறது.

இவ்வழக்கில் இன்னொரு தரப்பு உண்டு. அதுவே நேர்மையின் முழு அளவையும் காட்டுகிறது. பிறர் கண்ணால் கண்டதற்கு உரைகல், அப்பிறர் கேட்டு ஒப்புதல் என்று தொடக்கத்தில் கூறப்பட்டது. அவ்வொப்புதல் அத்வைதியிடமிருந்து இராமானுசருக்குக் கிடைத்திருக்கக்கூடும். ஆசீவகரிடமிருந்து இனி யாருக்கும் கிடைக்காது. நெசவாளரிடமிருந்து கிடைக்கும், ஆனால் சென்று கேட்க வேண்டும். அவையில் அவருக்கு இருக்கை போடப்பட்டதில்லை. பட்டுப்புழுவிடமிருந்து ஒருபோதும் கிடைக்காது. ஒருவர்க்கு எதிர்த்து மறுமொழி கூறும் வலிமை குறையக் குறைய, அவருக்காகப் பேசுபவரைத் திருத்துவார் இல்லாமல் போகின்றனர்; திருத்துவார் இல்லாத இடத்தில் பேசுபவர் தம்மைத் தாமே திருத்திக்கொள்ள வேண்டிய கடன் வளர்கிறது. வலிமையுடைய எதிரியிடம் நேர்மையாக இருப்பது பெரும்பாலும் அச்சத்தாலும் நிகழும். மறைந்துபோன சமயத்தாரிடமும், கேட்கப்படாத தொழிலாளரிடமும், பேச இயலாத உயிரிடமும் ஒருவர் காட்டும் நேர்மை மெய்ம்மையின் மேல் கொண்ட பற்று ஒன்றினாலன்றி வேறு எதனாலும் நிகழ இயலாது. ஆதலால் அதுவே சமயம் என்னும் பெயருக்கு முழுத் தகுதியுடைய நேர்மை. ஒரு கொள்கை எவ்வளவு உயர்ந்தது என்பதை, தனக்கு மறுமொழி சொல்ல இயலாதவரைப் பற்றி அது என்ன சொல்கிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.